மிச்சமாகும் மின்சாரம் கடனை அடைக்குமா?

சிறு பட்டறைக்காரர்களின் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறோம். கடன் வாங்கி மின்சாரத்தை மிச்சப்படுத்த முடியுமா?

முடியும் என்கிறது அரசாங்கம். முடியும் என்கிறார்கள் என்ஜினீயர்கள். ஆனால் பட்டறை முதலாளிகள் தயங்குகிறார்கள். கடன் கொடுக்க வேண்டிய வங்கிகளும் தயங்குகின்றன.

ஏன் இந்தத் தயக்கம்? யார் சொல்வது சரி? பார்ப்போம்.

பைக்காரா தந்த ஊர்

கோவை நகரம் தொழில் நகரம் ஆனதற்கு ஒரு முக்கியக் காரணம் மின்சாரம். நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1930-களின் தொடக்கத்தில் வேலை செய்யத் தொடங்கியது. அந்த மின்சாரம் கீழே இறங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகின. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யப் பட்டறைகள் வந்தன. பிறகு பம்புசெட், மோட்டார், வார்ப்படம் என்று தொழில்கள் கிளைவிட்டன.

இன்று தமிழ்நாட்டில் சிறு தொழில் இல்லாத ஊர் இல்லை. ஈரோட்டில் விசைத்தறி. திருப்பூரில் பனியன். சிவகாசியில் அச்சகம். ராணிப்பேட்டையில் தோல். எல்லாவற்றுக்கும் மின்சாரம்தான் உயிர்.

அந்த மின்சாரத்தின் விலை ஏறுகிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தது. யூனிட் விலையுடன் நிலைக் கட்டணமும் உயர்ந்தது. இதை எதிர்த்து 2023-ம் ஆண்டு சிறு தொழில் சங்கங்கள் கதவடைப்புப் போராட்டமே நடத்தின.

சிறு தொழில் என்றால் சிறிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் புதிய அளவு வந்திருக்கிறது. இயந்திரத்தில் 2½ கோடி ரூபாய் வரை முதலீடு, 10 கோடி ரூபாய் வரை விற்பனை இருந்தால் அது குறுந்தொழில். 25 கோடி முதலீடு, 100 கோடி விற்பனை வரை சிறு தொழில். 125 கோடி முதலீடு, 500 கோடி விற்பனை வரை நடுத்தரத் தொழில்.

ஆனால் பெரும்பாலானவை முதல் வகைதான். வீட்டுக்குப் பின்புறம் கொட்டகை போட்டு, நாலைந்து பேரை வைத்து வேலை வாங்குகிற பட்டறைகள். அங்கே தொழிலுக்குத் தனிப்பை, வீட்டுக்குத் தனிப்பை கிடையாது. தொழில் வாங்கும் கடன் வீட்டின் கடன். ஆகவே இந்தக் கணக்கு வீட்டுக்காரிக்கும் தெரிய வேண்டிய கணக்கு.

மோட்டார் தின்னும் காசு

பட்டறையில் மின்சாரத்தை அதிகம் தின்பது எது? மோட்டார்.

மோட்டார் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வேலையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்தால் சுடுகிறதே, அதுதான் வீணாகும் காசு!

உலக நாடுகள் மோட்டார்களைத் தரம் பிரித்திருக்கின்றன. ஐ.இ.1, ஐ.இ.2, ஐ.இ.3 என்று தரத்துக்குப் பெயர். எண் ஏற ஏற வீண் குறையும். 10 குதிரைசக்தி மோட்டாரில் சாதாரண ரகத்தை எடுத்துக்கொண்டால், ஐ.இ.1 தரம் வாங்கும் 100 பங்கில் 86 பங்கை வேலையாகத் தரும். ஐ.இ.3 தரம் 90 பங்குக்குச் சற்று மேல் தரும்.

இது புது மோட்டாரின் கதை. நம் பட்டறைகளில் இருப்பது என்ன? காயில் கருகிப் போகும். மறுபடியும் காயில் கட்டுவார்கள். மீண்டும் கருகும், மீண்டும் கட்டுவார்கள். கட்டுகிற வேலை சுத்தமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் மோட்டாரின் திறன் கொஞ்சம் குறையும். மோட்டார் சுற்றும். ஆனால் அதிக மின்சாரம் குடித்துச் சுற்றும்.

ஒரு கணக்குப் போடுவோம். உதாரணத்துக்குத்தான். ஒரு பழைய மோட்டார் 80 பங்குதான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செய்ய வேண்டிய வேலை 6 கிலோவாட். அதற்கு அது வாங்கும் மின்சாரம் 7½ கிலோவாட். இரண்டு ஷிப்டு வேலை. வருடத்துக்கு 4,000 மணி நேரம் ஓடுகிறது. யூனிட் விலை 8 ரூபாய்.

வருடத்துக்கு 30,000 யூனிட். பணமாக 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்!

புது மோட்டாரின் விலை 40 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைப்போல ஆறு மடங்குப் பணத்தைப் பழைய மோட்டார் ஒரே வருடத்தில் மின்சாரமாகக் குடித்துவிடுகிறது.

90 பங்கு தரும் மோட்டாரை மாட்டினால் வருடத்துக்கு 26,667 யூனிட் போதும். மிச்சம் 3,333 யூனிட். ரூபாயில் 26 ஆயிரத்து 600-க்கு மேல். ஒன்றரை வருடத்தில் மோட்டாரின் விலை திரும்பி வந்துவிடும். பிறகு வருவது எல்லாம் லாபம்.

பிறகு ஏன் மாற்றவில்லை?

இவ்வளவு லாபம் இருந்தால் எல்லாரும் மாற்றியிருக்க வேண்டுமே?

முதல் காரணம், கையில் காசு இல்லை. இருக்கிற காசு இரும்பு வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், பில் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். சுற்றுகிற மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார் வாங்க யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது காரணம், வங்கி. புது லேத் வாங்கக் கடன் கேட்டால் மானேஜருக்குப் புரியும். லேத் பொருள் செய்யும், பொருள் விற்கும், பணம் வரும். "மின்சாரம் மிச்சமாகும், அதில் தவணை கட்டுகிறேன்" என்று சொன்னால்?

"ஈடாக என்ன கொடுக்கிறீர்கள்?" என்றுதான் அவர் கேட்பார்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. விற்ற பொருளுக்குப் பில் இருக்கிறது. மிச்சமான மின்சாரத்துக்குப் பில் இல்லை. செலவாகாத யூனிட்டை எந்த மீட்டரும் காட்டாது. கண்ணுக்குத் தெரியாத வருமானத்தை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்?

பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மிச்சம் உண்மை. ஆனால் அதற்குச் சாட்சி இல்லை.

250 ஆண்டுக்கு முந்திய தந்திரம்

இந்த முடிச்சு புதிதல்ல. நீராவி என்ஜினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட் என்ற பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் எப்படிக் காசு சம்பாதித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

வாட்டும் மாத்யூ போல்டன் என்ற தொழிலதிபரும் 1775-ல் கூட்டுச் சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற பகுதியில் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கப் பழைய நியூகமன் என்ஜின்களை வைத்திருந்தார்கள். அந்த என்ஜின்கள் நிலக்கரியை அள்ளி விழுங்கின. கார்ன்வாலிலோ நிலக்கரி கிடையாது. வெளியூரிலிருந்து வர வேண்டும். விலை அதிகம்.

வாட்டின் என்ஜினுக்கு நிலக்கரி குறைவாகப் போதும். வாட்டும் போல்டனும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பழைய என்ஜினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கின் விலையை எங்களுக்குக் கொடுங்கள்" என்றார்கள்.

மிச்சம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி செய்தார்கள். என்ஜின் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணும் கருவியை மாட்டினார்கள். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்!

சில வருடம் போனதும் சுரங்கக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "என்ஜின் எங்களுடையது, நிலக்கரி எங்களுடையது, இன்னும் ஏன் பங்கு?" என்று பணம் கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. வழக்கு நடந்தது. 1800-ல் வாட்டின் காப்புரிமை முடியும்வரை சச்சரவு ஓயவில்லை.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. மிச்சத்தைப் பங்கிட்டே இயந்திரத்துக்கு விலை கொடுக்க முடியும். ஆனால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் அளவு வேண்டும்.

இன்றைய ஏற்பாடுகள்

போல்டனும் வாட்டும் செய்ததை இன்று செய்யும் நிறுவனங்கள் உண்டு. எரிசக்திச் சேவை நிறுவனம் என்று அவற்றுக்குப் பெயர். பட்டறையைச் சோதிப்பது, இயந்திரத்தை மாற்றுவது, மிச்சத்தில் பங்கு வாங்கிக்கொள்வது ஆகியவை அவற்றின் வேலை. ஆனால் அந்த நிறுவனங்களுக்கும் முதல் வேண்டுமே! அவற்றின் கடனுக்கு ஜாமீன் நிற்க, சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி, உலக வங்கியின் உதவியுடன் 2015-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

மத்திய அரசு நிறுவனமான எனர்ஜி எபிஷியன்சி சர்வீசஸ் 2015-ல் நாடு முழுதும் எல்.இ.டி. பல்பு விநியோகத்தைத் தொடங்கியது நினைவிருக்கலாம். சில மாநிலங்களில் பல்பைக் கையில் கொடுத்துவிட்டு, மாதம் 10 ரூபாயாக மின் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். இந்தத் திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் விநியோகமாயின.

பல்பு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. எனவே கணக்கு சுலபம். பட்டறை அப்படி அல்ல. ஒரு பட்டறைக்கு உலை, இன்னொன்றுக்கு மோட்டார், வேறொன்றுக்கு பாய்லர். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். அதனால் சிறிய பட்டறைகளைத் தேடி இந்த நிறுவனங்கள் அதிகம் வருவதில்லை. சோதனைச் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும் என்று பயப்படுகின்றன.

சொத்து ஈடு கொடுக்க முடியாத குறு, சிறு தொழில்களுக்காக 2000-ம் ஆண்டிலேயே கடன் உத்தரவாத அறக்கட்டளை ஒன்றை மத்திய அரசும் சிட்பியும் ஏற்படுத்தின. கடன் வராவிட்டால் வங்கியின் நஷ்டத்தில் பெரும் பகுதியை அறக்கட்டளை ஈடுகட்டும். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரை உள்ள கடனுக்கு இந்த உத்தரவாதம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் புதியது, 2025 ஜூலையில் அரியானா மாநிலம் பானிபட்டில் மத்திய மின்துறை தொடங்கிய திட்டம். எரிசக்திச் சிக்கன அமைப்பு இதை நடத்துகிறது. மொத்த ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய். மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும் இயந்திரம் வாங்கக் கடன் வாங்கினால், குறு, சிறு தொழில்களுக்கு வட்டியில் 5 சதவீதத்தை அரசாங்கம் ஏற்கும். நடுத்தரத் தொழிலுக்கு 3 சதவீதம். வார்ப்படம், ஜவுளி, தோல், செங்கல், காகிதம், உணவுப் பொருள் உள்ளிட்ட 14 தொழில்கள் இதில் சேரும். எரிசக்திச் செலவு குறைந்தது 10 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது நிபந்தனை. 2027-28 வரை இது நடக்கும்.

நல்ல திட்டம்தான். ஆனால் வட்டி மட்டும் குறைந்தால் போதுமா? மறுபடியும் கணக்குப் போடுவோம்.

இரண்டு ஷிப்டும் ஒரு ஷிப்டும்

முன்பு சொன்ன மாதிரி 10 மோட்டார்கள் உள்ள பட்டறை. எல்லாவற்றையும் மாற்ற 4 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவீதம். 3 வருடத் தவணை. மாதம் சுமார் 12,900 ரூபாய் கட்ட வேண்டும்.

இரண்டு ஷிப்டு ஓடினால் மாத மிச்சம் சுமார் 22,200 ரூபாய். தவணை போகக் கையில் 9,300 ரூபாய் நிற்கும். கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறது!

ஆனால் ஆர்டர் குறைந்துவிட்டால்? ஒரு ஷிப்டுதான் ஓடுகிறது என்றால் மிச்சம் பாதியாகிவிடும். மாதம் 11,100 ரூபாய். தவணையோ அதே 12,900. கைப்பணத்தில் 1,800 ரூபாய் போட வேண்டும். அதுவும் வியாபாரம் படுத்திருக்கும் நேரத்தில்!

வட்டி 10-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தால் தவணை சுமார் 12,000 ரூபாய் ஆகும். அப்போதும் 900 ரூபாய் குறைகிறது.

வட்டியைக் குறைக்காமல் தவணைக் காலத்தை மட்டும் 5 வருடமாக நீட்டினால்? மாதம் 8,500 ரூபாய்தான். ஒரு ஷிப்டு ஓடினாலே கட்டிவிடலாம். மொத்த வட்டி சுமார் 45 ஆயிரம் ரூபாய் கூடும் என்பது உண்மை. அது நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

ஆகவே நல்ல காலத்து மிச்சத்தைப் பார்த்துத் தவணை வைக்கக் கூடாது. மந்த காலத்து மிச்சத்தைப் பார்த்து வைக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கேட்டால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு அவசியம். மோட்டார் போனால் வேறு வாங்கலாம். வீடு போனால்?

கடன் இல்லாத மிச்சம்

கடனுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள், வேலை இல்லாத நேரத்தில் குழாய் அருகே காதை வைத்துக் கேளுங்கள். "உஸ்" என்று சத்தம் வருகிறதா? 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரத்தை வீணாக்கும். அதை அடைக்கக் கடன் வேண்டாம். ஒரு வாஷர் போதும்; ஒரு கிளாம்பு போதும்.

தளர்ந்த பெல்ட்டை இறுக்குவது, உலையின் கதவைத் தேவையில்லாமல் திறந்து வைக்காமல் இருப்பது, சும்மா சுற்றும் மோட்டாரை நிறுத்துவது எல்லாம் இப்படித்தான். இவற்றை முதலில் செய்தால் வாங்க வேண்டிய கடனே சிறியதாகிவிடும்.

கண்ணை மறைக்கும் பில்

மிச்சக் கணக்கில் இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது, நிலைக் கட்டணம். நீங்கள் யூனிட்டை மிச்சப்படுத்தினாலும் நிலைக் கட்டணம் தானாகக் குறையாது. அனுமதி வாங்கிய மின் பளுவுக்கு ஏற்ப அது வந்துகொண்டே இருக்கும். பில் தொகை முழுவதையும் யூனிட்டால் வகுத்து, "யூனிட் இவ்வளவு ரூபாய்" என்று யாராவது கணக்குக் காட்டினால் மிச்சம் பெரிதாகத் தெரியும். அது சரியான கணக்கு அல்ல. யூனிட் விலையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உற்பத்தி. சென்ற ஆண்டு ஒரு மாதத்தில் 5,000 உருப்படி செய்தீர்கள். 10,000 யூனிட் செலவு. இந்த ஆண்டு புது மோட்டார் மாட்டி 5,500 உருப்படி செய்தீர்கள். 9,900 யூனிட் செலவு. பில்லைப் பார்த்தால் 100 யூனிட்தான் குறைந்திருக்கிறது. "ஏமாந்துவிட்டோமே!" என்று தோன்றும்.

உருப்படிக்கு எவ்வளவு என்று பாருங்கள். முன்பு 2 யூனிட். இப்போது 1.8 யூனிட். பத்தில் ஒரு பங்கு மிச்சம்! கூடுதல் உற்பத்தி அதை மறைத்துவிட்டது.

எனவே முக்கியமான இயந்திரத்துக்குத் தனி மீட்டர் மாட்டுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, யூனிட், உருப்படி என்று மூன்று கட்டம் போதும். இயந்திரம் மாற்றுவதற்கு முன் மூன்று மாதம் எழுதுங்கள். மாற்றிய பிறகும் எழுதுங்கள். இதை எழுத என்ஜினீயர் தேவையில்லை. பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ எழுதலாம்.

அந்த நோட்டுப் புத்தகம்தான் மிச்சத்துக்குச் சாட்சி. வாட் பூட்டி வைத்த பெட்டியின் வேலையை அது செய்யும். தணிக்கைக்கு வருபவரிடம் காட்டலாம். வங்கி மானேஜரிடம் காட்டலாம். பொய்க் கணக்குச் சொல்லி இயந்திரம் விற்க வருபவரையும் அதை வைத்தே மடக்கலாம்.

அரசும் வங்கியும் செய்ய வேண்டியது

பட்டறைக்காரர் மட்டும் மாறினால் போதாது.

வட்டி மானியம் கடன் கிடைத்தவருக்குத்தான் உதவும். கடனே கிடைக்காதவருக்கு உதவாது. அதனால் முதலில் மீட்டருக்கும் சோதனைக்கும் உதவி பரவலாக வர வேண்டும். அளந்து காட்டிய மிச்சத்தை வருமானம் என்று வங்கிகள் ஏற்க வேண்டும். மந்த மாதத்தில் தவணை குறைந்து, நல்ல மாதத்தில் கூடுகிற மாதிரி ஏற்பாடு வேண்டும். விவசாயக் கடனை அறுவடையைப் பார்த்து வசூலிக்கிறார்கள். பட்டறைக்கும் அறுவடைக் காலம் உண்டு!

இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பட்டறையில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். உத்தரப் பிரதேசத்தில் பிரோசாபாத், கண்ணாடி வளையலுக்குப் பேர்போன ஊர். தாஜ்மகாலைப் புகை கெடுக்கிறது என்ற வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறுங்கள், அல்லது இடத்தை விட்டு மாறுங்கள் என்றது. டில்லியில் உள்ள டெரி என்ற ஆராய்ச்சி நிலையம், சுவிட்சர்லாந்தின் உதவியுடன், வெளியேறும் சூட்டைத் திரும்பப் பயன்படுத்தும் எரிவாயு உலையை வடிவமைத்தது. முதலில் ஓர் ஆலையில் கட்டிக் காட்டினார்கள். எரிவாயுச் செலவு குறைவதைப் பக்கத்து ஆலைக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். பிறகு உலை ஊரெல்லாம் பரவியது.

நம் ஊர்ச் சங்கங்களும் இப்படிச் செய்யலாம். ஒரு பட்டறையில் மாற்றி, கணக்கை எல்லாருக்கும் திறந்து காட்டலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரே சோதனைக்காரரை அழைத்தால் செலவும் பங்காகும்.

கேட்டுவிட்டுக் கையெழுத்து

கடைசியாக, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள்.

இப்போது உருப்படிக்கு எத்தனை யூனிட் ஆகிறது? மாற்றிய பிறகு எத்தனை ஆகும் என்று எழுத்தில் கொடுப்பார்களா? சொன்னபடி மிச்சமாகாவிட்டால் யார் பொறுப்பு? ஒரு ஷிப்டு மட்டும் ஓடினால் தவணை கட்ட முடியுமா?

நாலுக்கும் பதில் இருந்தால் தைரியமாகக் கடன் வாங்கலாம். மிச்சமாகும் மின்சாரம் கடனை அடைக்கும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அவசரம் வேண்டாம். ஒரு மீட்டர் வாங்கி மாட்டுங்கள். மூன்று மாதம் எழுதுங்கள். அதற்குப் பிறகு வங்கிக்குப் போங்கள்.